பின்வரிசையில் கைதட்டுபவர்

கொழுந்தன் கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தான். சத்துப்பொடி விற்கும் கம்பெனியில் சேர்ந்த பிறகு அவனை எல்லோரும் ‘வைரம்’ என்றுதான் கூப்பிட வேண்டும். அது அங்கே அவன் எட்டியிருக்கும் படி. செருப்பு மட்டும் இன்னும் அந்தப் படிக்கு வந்து சேரவில்லை. வாரில் ஊக்கு குத்தியிருந்தது.

“கையெழுத்து மட்டும் போடுங்க அண்ணி. மிச்சத்தக் கம்பெனி பாத்துக்கும்.”

ஒப்பந்தத்தை மேசைமேல் வைத்தான். மூக்குக்கண்ணாடிக் கடை அது. கணவனும் அவளுமாக நடத்தியது. போன வருஷம் அவர் மாரடைப்பில் போன பிறகு அவள் தனியாக நடத்துகிறாள். கண்ணாடியில் கீறல் பார்க்கும் லென்சை எடுத்து முதல் பக்கத்தின்மேல் வைத்தாள்.

“படிக்கவா போறீங்க?” வைரத்தின் முகம் சுண்டிப்போனது. “யாரும் படிச்சதில்ல அண்ணி. எங்க தலைவரே படிச்சதில்ல. மேடையிலயே பெருமையாச் சொல்வாரு.”

“அவருக்கு வேலை ஜாஸ்தி. எனக்கு இன்னிக்குக் கடையில ஈ ஓட்டுற வேலைதான்.”

முதல் பக்கங்களில் கனவும் உயர்வும் குடும்பமும் கொட்டை எழுத்தில் இருந்தன. உள்ளே போகப் போக எழுத்து சிறுத்தது, பொய் சொல்கிறவன் குரல் மாதிரி. நடுவில் ஓரிடத்தில் லென்ஸ் நின்றது. உறுப்பினர் இறந்துபோவது ராஜினாமா ஆகாது. வாராந்தரக் கூட்டத்துக்கு வருவதிலிருந்து அவருக்கு விலக்கு இல்லை.

அவள் சிரித்துவிட்டாள். “செத்தவனுக்கும் லீவு கிடையாதா தம்பி?”

வைரம் சிரிக்கவில்லை. கோட்டுப் பொத்தானைத் திருகினான். “சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். உங்களுக்குத் தெரியாம அண்ணன் கையெழுத்து போட்டிருந்தாரு. அவருக்குக் கீழதான் நான். வாராவாரம் வராரு அண்ணி. பின்வரிசை.”

“யாரு?”

“அண்ணன்தான்.”

அவள் லென்சைத் தாளிலிருந்து எடுத்தாள்.

“வந்து என்ன பண்றாரு?”

“கைதட்டுறாரு.”

அவர் வருவதைக்கூட நம்பிவிடலாம் போலிருந்தது. கைதட்டுவதைத்தான் நம்ப முடியவில்லை. சொந்தக் கல்யாணத்துக்கே தாமதமாக வந்த மனுஷன். யாரையும் பாராட்டிப் பழக்கமில்லாதவர்.

கூட்டம் அன்று மாலையே இருந்தது. ஒப்பந்தத்தையும் லென்சையும் கைப்பையில் போட்டுக்கொண்டு, கடையைச் சாத்திவிட்டு அவனோடு போனாள். உறுப்பினர் அல்லாதவர்கள் கூடத்தின் வாசல்வரைதான். கதவில் ஒரு சதுரக் கண்ணாடி பதித்திருந்தார்கள். அதில் நெற்றியை வைத்துப் பார்த்தாள்.

மேடையில் தலைவர், “தூங்குறவன் தோத்தவன்” என்று முழங்கிக்கொண்டிருந்தார். முன்வரிசைகளில் கோட்டுக்குள் வெந்துகொண்டிருந்தவர்கள் துண்டுக் காகிதத்தால் விசிறிக்கொண்டார்கள். பின்வரிசையில் யாருக்கும் வியர்க்கவில்லை.

அவர் இருந்தார். டை கட்டியிருந்தார். பல் தெரியச் சிரித்துக்கொண்டு, நிறுத்தாமல் கைதட்டிக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடியின் இடது கம்பி கோணியிருந்தது. கண்ணாடியைக் கழற்றாமலே தூங்கிவிடுவார். தினமும் காலையில் அந்தக் கம்பியைச் சூடுகாட்டி நிமிர்த்துவது அவள் வேலை. அவள் விரல்கள் தாமாகவே கதவைத் தொட்டன.

“கையெழுத்து போட்டா பக்கத்து சீட்டு உங்களுக்குத்தான் மேடம்,” என்று வாசலில் பதிவேடு வைத்திருந்த பெண் பேனாவை நீட்டினாள். “என்னைக்கும்.”

பேனாவை வாங்கினாள். ஒரு வாரம் பார்த்தால் போதும் என்று இருந்தது. அப்புறம் அடுத்த வாரம்.

அப்போது அவர் கதவுப் பக்கம் திரும்பினார். வாய் சிரித்தபடியே இருந்தது. கண் மட்டும் அவருடையது. வீட்டுக்கு வந்த விருந்தாளி எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்திருக்கும்போது, அவன் தலைக்கு மேலாக அவளைப் பார்ப்பாரே, அதே பார்வை: எப்படியாவது முடிச்சு விடேன்.

பேனாவை வைத்துவிட்டு லென்சை எடுத்தாள். விட்ட இடத்திலிருந்து, நின்றபடியே, கடைசிப் பக்கம் வரை படித்தாள். கையெழுத்துப் போட இழுத்திருந்த கோட்டின்மேல் லென்ஸ் வந்ததும் அது வெறும் கோடாக இல்லை. எறும்பு வரிசை போல் எழுத்து. உறுப்பினரின் வீட்டார் ஒருவர் இதை முழுக்கப் படித்தபின் சேர மறுத்தால், அந்த உறுப்பினரும் அவருக்குக் கீழுள்ளோரும் விடுவிக்கப்படுவர்.

வாசல் பெண்ணிடம் காட்டினாள். அவள் கூசவில்லை. “வெளிய போக ஒரு வழி எழுதணும்னு சட்டம் மேடம். எழுதியிருக்கோம். கண்ணுக்குத் தெரியணும்னு சட்டத்துல இல்ல.”

“அண்ணி, வேணாம்,” என்றான் கொழுந்தன். “என் வைரம் போயிரும்.” பிறகு குரல் இறங்கியது. “அண்ணனும் போயிருவாரு. வாராவாரம் பாக்கலாம் அண்ணி. நான் பாக்குறேன்ல.”

அவள் கதவுக்கண்ணாடி வழியாக இன்னொரு தரம் பார்த்தாள். அந்தக் கோணல் கம்பியை நிதானமாகப் பார்த்தாள்.

“நான் சேரல.”

கைதட்டலில் ஒரு ஜோடிக் கை குறைந்தது. அத்தனை இரைச்சலிலும் அவளுக்கு அது கேட்டது. நாற்காலி காலியாக இருந்தது. அதற்கு இரண்டு பக்கமும் இருந்தவர்கள், சிரிப்பு மாறாமல், மெல்லக் கதவுப் பக்கம் திரும்பினார்கள். ஒருவர்கூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோருடைய பார்வையும் லென்சின்மேல் இருந்தது.

தெருவில் வரும்போது கொழுந்தன் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டான். அவன் கைகள் அவ்வப்போது தாமாகத் தட்டிக்கொண்டன. வெட்கப்பட்டு அவற்றைக் கால்சட்டைப் பைக்குள் திணித்தான்.

“அண்ணன் இப்ப எங்க இருப்பாரு அண்ணி?”

“தூங்கப் போயிருப்பாரு.”

கடை இருக்கும் தெரு வந்ததும் சொன்னாள்: “கண்ணாடியக் கழட்டி வச்சாரோ என்னவோ.”