விசிறிகள் தலைகீழாகச் சுற்றிய மதியம்

கண்ணாடிக்காரரின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில், ரேடியேட்டருக்குப் பின்னால் இருந்த இரண்டு விசிறிகளும் தேய்ந்து நின்ற அன்று, அந்தத் தெருவில் காற்றும் நின்றது. மூலையிலிருந்த பேக்கரி வரைக்கும் காற்று வரும். வந்து, எதையோ மறந்துவிட்டாற்போலத் திரும்பிப் போய்விடும். முதல் வாரம் எல்லோரும் புழுக்கம் தாங்கவில்லை என்று புலம்பினார்கள், அப்புறம் பழகிவிட்டது. துவைத்த துணியைப் பக்கத்துத் தெருவுக்குக் கொண்டுபோய் உலர்த்தினார்கள். ஜன்னல் திரைச்சீலைகள் போட்ட மடிப்புக் கலையாமல் தொங்கின. காற்று நின்றதுகூடப் பெரிய விஷயமில்லை. அதே நொடியில் கண்ணாடிக்காரர் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தார், வினையே அதுதான்.

அந்தக் கார் அப்பா விட்டுப்போனது. அண்ணனுக்கும் தங்கைக்கும் பொது. கண்ணாடிக்காரருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. எதிர்வீட்டிலேயே குடியிருந்த தங்கை நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பவள். வார நாட்களில் கார் அவருக்கு, விடுமுறை நாட்களில் அவளுக்கு. விசிறிகள் கரகரவென்று முனகத் தொடங்கி மாதக்கணக்காகியிருந்தது. அது அவர் காதில் விழாமல் இல்லை. பார்த்துக்கொள்ளலாம், பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டார், அவளிடமும் மூச்சு விடவில்லை. ஒரு கொதிக்கிற மதியத்தில் அவள் வண்டியை எடுத்துப்போய் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டாள். சூடு காட்டும் முள் சிவப்பைத் தாண்டியது, ஆவி கிளம்பியது, கடைசியில் பால் வண்டி ஒன்று கயிறு கட்டி இழுத்துக்கொண்டுவந்து சேர்த்தது. தெருவே வேடிக்கை பார்த்தது. தப்பு தன்னுடையது என்று தெரிந்தவனுக்கு வருகிற கோபம் இருக்கிறதே, அது சாமானியமானதில்லை. நடுத்தெருவில் நின்று, “இனிமே நீ எனக்குத் தங்கச்சியே இல்ல!” என்று கத்தினார். விசிறிகள் கடைசியாக ஒருமுறை சுற்றி நின்றன. சொன்னதை அடித்துப்போகக் காற்று இல்லாததால், அந்த வாக்கியம் இரண்டு வீட்டுக் கேட்டுகளுக்கும் நடுவே ஆள் உயரத்தில் அப்படியே தங்கிவிட்டது.

கண்ணுக்குத் தெரியாது, ஆனால் தலையில் இடிக்கும். இடித்தவருக்கு அது கண்ணாடிக்காரரின் குரலில், அதே கத்தலோடு, முழுசாகக் கேட்கும். புதிதாக வந்த தபால்காரர் முதல் நாளே இடித்துக்கொண்டு, “எனக்கு எதுக்கு சார் இது?” என்று கோபித்துக்கொண்டார். போகப்போக உயரமானவர்கள் குனிந்து நடக்கப் பழகினார்கள். தங்கையும் உயரம்தான், தினமும் குளத்துக்குப் போகும்போதும் வரும்போதும் குனிந்தாள். கண்ணாடிக்காரர் சும்மா இருந்தார் என்று சொல்ல முடியாது. வீம்பு இறங்கிய பிறகு எத்தனையோ தடவை இந்தப் பக்கமிருந்து பேசிப்பார்த்தார். பேசியதெல்லாம் அந்த வாக்கியத்தில் மோதிக் கீழே விழுந்தது. ‘மன்னிச்சிடும்மா’ என்று அவர் சொன்னது நடுரோட்டில் கிடந்து, ஸ்கூட்டர் ஏறி நசுங்கிப்போனது. சுற்றிக்கொண்டு போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினால், அவள் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினாள்.

தங்கைக்கு மகள் பிறந்தாள், தவழ்ந்தாள், நடந்தாள், பள்ளிக்கூடம் போனாள். குள்ளமாக இருந்ததால் வாக்கியத்தின் அடியில் ஓடி மாமா வீட்டுக்கு வந்துவிடுவாள், யாரும் தடுக்கவில்லை. அவருடைய கடையில் மூக்குக்கண்ணாடிகளை மாட்டிக்கொண்டு அவரையே மிரட்டுவாள். ஆனால் பெண் பிள்ளை அம்மாவைக் கொண்டு உயரம் பிடிக்கத் தொடங்கியது. ஒருநாள் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த கண்ணாடிக்காரரின் மனைவி அவரைக் கூப்பிட்டாள்.

“ஏங்க, அதுக்கும் அந்தப் புள்ளை தலைக்கும் இன்னும் நாலு விரல்தான் இருக்கு. தாய்மாமன் வாயிலருந்து அந்தப் பேச்சையா அது கேக்கணும்?”

கண்ணாடிக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. மருமகள் அதைக் கேட்டுவிட்டால் தங்கையோடு அவளும் போனாள் என்பது அவருக்கு வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. காற்று வந்தால்தான் அது நகரும், விசிறி சுற்றினால்தான் காற்று வரும் என்று கணக்குப் போட்ட மனைவி, அன்றிலிருந்து யாரும் தொடாமல் கிடந்த காரைப் பார்க்கச் சொல்லி, இவரைக் கேட்காமலே மெக்கானிக்குக்குச் சொல்லியனுப்பினாள்.

அந்த மெக்கானிக்கை ஊரே அஞ்சு நிமிஷம் என்றுதான் கூப்பிடும். எந்த வேலையைக் கேட்டாலும் அஞ்சு நிமிஷம் என்பார், மூன்று நாள் எடுத்துக்கொள்வார். இதற்கும் அப்படியே. முதல் நாள் ரேடியேட்டர் தண்ணீரை வடித்தார். துருப்பிடித்து டீ நிறத்தில் வந்தது. இரண்டாம் நாள் பழைய விசிறிகளைக் கழற்றினார். இறக்கைகளைப் பிடித்து ஆட்டினால் ஆடுகிற பல்லைப்போல லொடலொடவென்றன. உள்ளே மோட்டாரின் கார்பன் தேய்ந்து பொடியாகியிருந்தது. “இது அத்தனை நாள் சுத்துனதே பெருசு சார்,” என்றார். மூன்றாம் நாள் மதியம் புதிய விசிறிகளைப் பொருத்தி, ரப்பர் வைத்து இறுக்கி, வயரைக் கொடுத்தார். அங்கேதான் கோட்டைவிட்டார். இந்தக் காலத்துக் கார்களில் பேட்டரியின் மைனஸ்தான் வண்டியின் உடம்போடு சேர்ந்திருக்கும். அந்தப் பழைய காரில் பிளஸ். அஞ்சு நிமிஷத்தின் கை பழக்கதோஷத்தில் விசிறியின் மைனஸான கறுப்பு வயரை உடம்போடு முடுக்கிவிட்டது.

சரிபார்க்க ஒரு டிஷ்யூ தாளைக் காரின் முன்வலைக்கு எதிரே பிடித்தார். உள்ளே இழுக்கிற விசிறி. தாள் வலையில் ஒட்டிக்கொள்ள வேண்டும். சுவிட்சைப் போட்டதும் அது பறந்துபோய் அவருடைய முகத்திலேயே அப்பிக்கொண்டது. “அய்யய்யோ, தலைகீழா சுத்துது!” என்றார். அதற்குள் தெருவில் காற்று புகுந்துவிட்டது, பின்பக்கமாக நடந்து. பெருக்கித் தள்ளிய தூசு வாசலேறி உள்ளே வந்து படுத்தது. பேக்கரிக்காரர் விட்ட சிகரெட் புகை திரும்பி அவர் வாய்க்கே போனது. பேசியவையெல்லாம் பேசியவர்களைத் தேடி வந்தன. எதிர்வரிசைப் பெண்மணி தன் மருமகளைப் பற்றிச் சொன்னது மொத்தமும் திரும்பி வர, அவள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். கண்ணாடிக்காரர் கேட்டருகே நின்றிருந்தார். நடுத்தெருவில் இருந்தது அசைந்தது, ஆடியது, வால்பக்கமாக அவர் வாய்க்குள் நுழைந்தது. முதலில் ‘இல்ல’ வந்தது. துருப்பிடித்த ஆணி மாதிரி தொண்டையைக் கிழித்துக்கொண்டு இறங்கியது. கண்ணில் நீர் முட்ட விழுங்கினார். பின்னாலேயே ‘யே’ ஒரு விக்கலாக வந்தது, அதையும் விழுங்கினார். அந்த நேரம் பார்த்து டப்பென்று ஃபியூஸ் போனது. விசிறிகள் நின்றன. மிச்சம் இருந்த இடத்திலேயே நின்றது.

தங்கை குளத்திலிருந்து வந்துகொண்டிருந்தாள், தோளில் ஈரத் துண்டு. வழக்கமான இடத்தில் குனியப்போனவளைப் பார்த்து அண்ணி, “குனியாதம்மா! எனக்காக ஒருதடவை, குனியாத!” என்று கத்தினாள். தங்கை நின்றாள். அண்ணனைப் பார்த்தாள். அவர் தொண்டையைப் பிடித்துக்கொண்டு பொலபொலவென்று அழுதுகொண்டிருந்தார். அவள் நிமிர்ந்து நடந்துவந்து, வேண்டுமென்றே நெற்றியால் இடித்தாள்.

“இனிமே நீ எனக்குத் தங்கச்சி!”

அதே குரல், அதே கத்தல். அவள் இன்னொருமுறை இடித்துப் பார்த்தாள். அதேதான்.

“இனிமேதானா?” என்றாள். “அப்ப இத்தனை வருஷமா நான் யாராம்?”

கண்ணாடிக்காரருக்கு அழுகையோடு சிரிப்பும் வந்து, இரண்டும் இருமலில் போய் முடிந்தது. “விசிறி தேஞ்சது எனக்குத் தெரியும்மா. நான்தான் சொல்லல,” என்றார். இந்தத் தடவை பேச்சு கீழே விழவில்லை. “அது எனக்கும் தெரியும், போ,” என்ற தங்கை, அவர் முதுகில் ஓங்கித் தட்டினாள்.

அஞ்சு நிமிஷம் வயரை மாற்றி முடுக்கி, புது ஃபியூஸ் போட்டு, சுவிட்சில் கைவைத்தார். “இருங்க, இருங்க! காத்து வந்தா இது பறந்துடும்!” என்று தங்கை ஓடிப்போய்க் கயிறு கொண்டுவந்தாள். வாக்கியத்தின் ஒரு முனையை அவள் கேட்டிலும் மறுமுனையை அண்ணன் கேட்டிலுமாக, தடவித் தடவி இழுத்துக் கட்டினார்கள். பிறகு விசிறிகள் நேராகச் சுற்றின. தாள் வலையில் ஒட்டிக்கொண்டது, திரைச்சீலைகள் மடிப்புக் கலைந்தன. அன்று மாலையே தங்கை காரை ஓட்டினாள். ரயில்வே கேட்டில் வெகுநேரம் நின்றார்கள், முள் நடுவிலிருந்து அசையவில்லை.

மருமகள் இப்போதெல்லாம் அதன் அடியில் போகும்போது வேண்டுமென்றே எம்பிக் குதித்து இடிக்கிறாள், கேட்டுவிட்டுச் சிரிக்கிறாள். தபால்காரருக்கும் பழகிவிட்டது, “எனக்கும் ஒரு அண்ணன்!” என்று சொல்லிக்கொண்டே குனிகிறார். அதன் மேல்தான் தங்கை நீச்சல் துண்டுகளை உலர்த்துகிறாள். நல்ல காற்று, சீக்கிரம் காய்ந்துவிடுகின்றன.