கம்பி இருக்கா, இல்லையா

கல்யாண மண்டபத்து வாசலில் மாப்பிள்ளை அழைப்புக்கு ஆள் கூடிக்கொண்டிருந்தபோதே தணிகைமணி கத்த ஆரம்பித்துவிட்டான்.

"எவன்டா என் டிரம்ம தொட்டது?"

கஜபதி டிரம்பெட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "நான்தான் போல்ட்ட தளர்த்தினேன். இன்னா இப்போ?" பேண்டு செட் அவனுடையது. தணிகைமணியின் அக்கா தேவகியின் புருஷன்.

"என் டிரம்முல கைவெக்க நீ யாரு பாவா?"

தணிகைமணி சாவியை எடுத்து சைடு டிரம்மின் விளிம்பு போல்ட்டுகளை மறுபடி முறுக்கினான். கவிழ்த்து, அடித்தோலை ஒட்டிக் கிடக்கும் சுருள் கம்பிகளையும் இழுத்துக் கட்டினான். மேல்தோலில் குச்சி விழுந்தால் உள்ளிருக்கும் காற்று அடித்தோலைத் தள்ளும். அந்த அதிர்வில் கம்பிகள் துள்ளும். அந்தச் சரசரப்புதான் சைடு டிரம். துள்ள இடமில்லாமல் இறுக்கினால் தகர டப்பா. சில மாதங்களாக அவன் டிரம் டப்பாவாகத்தான் ஒலித்தது. அவனோ, இன்னும் சத்தம் எழும்பவில்லை என்று முறுக்கிக்கொண்டே போனான்.

"இந்தச் சத்தம் உனக்கு நல்லாகீதா?" என்றான் கஜபதி.

"உனக்குத்தான் காது கெட்டுப்பூட்ச்சு."

கஜபதியின் முகம் மாறியது. டிரம்மைப் பிடுங்கி நாற்காலியில் வைத்தான். போல்ட்டுகளையும் கம்பிகளையும் தளர்த்தினான். "திரும்பி நில்லு. லீவரத் தள்ளினா கம்பி தோலைவிட்டு எறங்கும். நான் அடிக்கிறேன். கம்பி இருக்கா, இல்லையா, சொல்லு."

ரோஷத்தில் தணிகைமணி திரும்பி நின்றான். கஜபதி கம்பியை இறக்கிவிட்டு மெல்லத் தட்டினான்.

"இருக்கு."

பாஸ் டிரம் அடிக்கும் கங்காதரன் தலை குனிந்துகொண்டான். கம்பியை ஏற்றி இன்னொரு தட்டு.

"இல்ல."

பெண் வீட்டார் இரண்டு பேர் சிரித்தார்கள். கடைசியாகக் கஜபதி கம்பியோடு குச்சிகளை உருட்டி அடித்தான். கூடியிருந்தவர்கள் எல்லோருக்கும் அது சரசரவென்று கேட்டது.

"இல்ல" என்றான் தணிகைமணி.

"பள்ளிப்பட்டுல பவர்லூம் தறி எரைச்சலுக்குக் காதக் குடுத்துட்டு வந்து என்மேல பாயுறியா?"

தணிகைமணி திரும்பினான். சிரித்த முகங்களைப் பார்த்ததும் எல்லாம் புரிந்தது. டிரம்மைத் தூக்கினான். கஜபதி வாரைப் பிடித்து இழுக்க, இவன் தள்ளிவிட்டான். பக்கத்து நாற்காலியில் வைத்திருந்த டிரம்பெட் தரையில் விழுந்து நசுங்கியது. அன்று ஊர்வலம் சைடு டிரம் இல்லாமலே போனது.

மறுநாள் தேவகி போன் செய்தாள். அவன் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டான். "அவரு பொய் ஒண்ணும் சொல்லலியேடா."

"பொய் இல்லக்கா. வூட்டுல கூப்ட்டு சொல்லியிருந்தா டாக்டராண்ட போயிருப்பேன். கூட்டத்துல நிக்கவெச்சு சிரிப்பு மூட்னான்."

"நீ மட்டும் அவர எல்லார் எதிர்லயும் காது கெட்டுப்பூட்ச்சுன்னு சொல்லலியா?"

அவன் போனை வைத்துவிட்டான். அதற்குப் பிறகு அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

ஆர்.கே.பேட்டை செட் ஒன்றில் பாஸ் டிரம்முக்குச் சேர்ந்தான். அந்தச் சத்தத்தை நெஞ்சால் கேட்க முடிந்தது. தை மாத முகூர்த்தம் ஒன்றில் திருத்தணி மலையடிவாரத்தில் இரண்டு செட்டும் எதிரெதிரே வந்தன. கஜபதி பக்கம் புது ஆள் சைடு டிரம் வாசித்தான். குச்சிகள் பறப்பது தணிகைமணிக்குத் தெரிந்தது. சரசரப்பு மட்டும் வரவில்லை. கஜபதி இவனைப் பார்த்தபடியே டிரம்பெட்டை உயர்த்தினான்.

தணிகைமணி ஓங்கி அடித்தான். அந்த டிரம்பெட் ஊதல் வெளியே கேட்காதபடி அடித்தான்.

"தாளம் போவுதுய்யா, நிறுத்து!" என்று அவன் செட்டுக்காரர் பக்தவச்சலமே கத்தினார்.

அவன் நிறுத்தவில்லை.