முன்பக்கக் கடை

பல் டாக்டர் கீதாஞ்சலியின் கிளினிக்கில் மூன்று நாற்காலிகள்தான் இருந்தன. நான்காவதாக வருகிறவர் நோயாளிகள் சாய்ந்து படுக்கிற பெரிய நாற்காலியில்தான் உட்கார வேண்டும். உப்பு வியாபாரம் செய்யும் பொன்னம்மாள் எப்போதும் கடைசியாகத்தான் வருவார் என்பதால் அது அவருடைய இடமாகிவிட்டது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் அவர் உப்பளத்துச் சாலையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குவார். பெரிய நாற்காலியில் ஏறி, எட்டாத காலை ஆட்டிக்கொண்டு, தலைக்கு மேல் அணைந்து கிடக்கும் விளக்கைக் கையால் தள்ளிவிட்டு, "ம், சொல்லுங்க" என்பார். அதோடு கூட்டம் தொடங்கிவிட்டதாக அர்த்தம்.

போன வருடம் பாண்டிச்சேரியில் ஒரு ஓட்டலில் தொழில் செய்யும் பெண்களுக்காகக் கூட்டம் நடந்தது. டாக்டருக்கு அழைப்பு வந்திருந்தது. தனியாகப் போகக் கூச்சப்பட்டு மற்ற மூவரையும் கூட்டிப் போனார். ஜெராக்ஸும் ஜாப் டைப்பிங்கும் செய்யும் சகாயசெல்வி, அவளுக்குப் பக்கத்துக் கடையில் பியூட்டி பார்லர் வைத்திருக்கும் ரேகா, பொன்னம்மாள். அங்கே எல்லாரும் எல்லாருக்கும் கார்டு கொடுத்தார்கள். ஒரு அம்மாள் மைக்கில் நெட்வொர்க்கிங் என்று பலமுறை சொன்னாள். திரும்பி வரும் பஸ்ஸில் பொன்னம்மாள் கேட்டார், "இன்னாமோ நெட்டு நெட்டுன்னு சொன்னாங்களே, அது இன்னா டாக்டரம்மா?"

"உங்க கிட்ட வேலை செய்யற ஆளுங்களுக்குப் பல்லு வலின்னா எங்கிட்ட அனுப்பறீங்க இல்ல, அதாங்க்கா."

"அதுக்கா அவ்ளோ நேரம் பேசுனாங்க?"

சிரிப்பு அடங்குவதற்குள் பஸ் பொம்மையார்பாளையத்தைத் தாண்டிவிட்டது. ஆனால் அந்தப் பேச்சு மனதில் தங்கிவிட்டது. மாதம் ஒருமுறை உட்கார்ந்து பேசுவது என்று அந்தப் பஸ்ஸிலேயே முடிவாயிற்று. அதன் பிறகு ஜாதகம் ஜெராக்ஸ் எடுக்க வருகிற பெண் வீட்டாரைச் செல்வி ரேகாவிடம் அனுப்பினாள். மணப்பெண்ணின் முன்பல் தூக்கலாக இருந்தால் ரேகா டாக்டரிடம் அனுப்பினாள். பொன்னம்மாளின் உப்புப் பாக்கெட்டுக்கு லேபிளைச் செல்வி கம்ப்யூட்டரில் வடிவமைத்துக் கொடுத்தாள். பெரிய லாபம் என்று சொல்ல முடியாது. ஆனால் கடையை மூடிவிட்டு வீட்டுக்குப் போகும்போது, இந்த ஊரில் தனக்கும் நாலு பேர் இருக்கிறார்கள் என்று செல்விக்குத் தோன்றும். கணவன் திருப்பூருக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்ட பிறகு அப்படித் தோன்றியது அதுதான் முதல் தடவை.

சுனாமிக்குப் பிறகு ஊரின் கணக்கு மாறியது. கடலோரக் குப்பங்களுக்கு உதவி செய்ய வந்த தொண்டு நிறுவனங்கள் மெயின் ரோட்டில் கிடைத்த கட்டடங்களையெல்லாம் ஆபீசாக எடுத்துக்கொண்டன. வாசலில் எப்போதும் ஒரு ஜீப். அவர்களால் செல்விக்கு வேலை குவிந்தது. அவர்களாலேயே கடை வாடகையும் ஏறியது. ஈ.சி.ஆர். ஓரத்தில் முள் முளைத்துக் கிடந்த மனைகளுக்குச் சென்னையிலிருந்து கார்கள் வந்தன. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே செல்வியும் ரேகாவும் இருந்த பழைய ஓட்டுக் கட்டடமும் கைமாறியது. புதிதாக வாங்கியவர் லாட்ஜ் கட்டப் போகிறார், ஆவணி பிறந்ததும் காலி செய்துவிடுங்கள் என்று பழைய சொந்தக்காரரே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

திண்டிவனம் சாலை வந்து சேரும் முக்கில் சடையப்பன் ஒரு கட்டடம் எழுப்பிக்கொண்டிருந்தார். கீழே மூன்று கடைகள். ரோட்டைப் பார்த்து ஒன்று, சந்துப் பக்கமாக இரண்டு. நால்வரும் பல் கிளினிக்கில் உட்கார்ந்து பங்கு பிரித்தார்கள். முன்பக்கக் கடை செல்விக்கு, ஏனென்றால் போகிற வருகிறவர்கள் பார்த்துவிட்டு நுழைகிற தொழில் அவளுடையது. பார்லருக்கு வருகிறவர்கள் ரோட்டிலிருந்து தெரிவதை விரும்ப மாட்டார்கள் என்று ரேகாவே சொல்லி சந்துக் கடையைக் கேட்டாள். இருக்கிற இடத்தின் வாடகை கட்டுப்படியாகாமல் போன டாக்டருக்கு மற்றது. சடையப்பனின் அப்பா காலத்திலிருந்து அவர்களிடம் உப்பு வாங்கி விற்ற பழக்கத்தில் பொன்னம்மாள் பேசுவதாக ஒப்புக்கொண்டார்.

நால்வரும் சேர்ந்தே போனார்கள். சடையப்பன் கம்பி கட்டும் இடத்தில் நின்றுகொண்டு மரியாதையாகக் கேட்டார். பிறகு, "வீட்டு ஆம்பளைங்க யாராச்சும் வந்து அக்ரிமெண்ட்ல கையெழுத்து போட்டாங்கன்னா நல்லாருக்கும். நாளைக்கு ஒண்ணுன்னா நா பொம்பளைங்க கிட்ட வந்து சத்தம் போட முடியாது பாருங்க" என்றார்.

செல்வி கீழே கிடந்த கம்பித் துண்டுகளைப் பார்த்தாள். பொன்னம்மாளின் கணவர் இறந்து வெகுகாலம் ஆகிறது. டாக்டருக்குக் கல்யாணம் ஆகவில்லை.

"பல்லு புடுங்கறதுக்கு என் கையெழுத்து போதும், கடைக்குப் போதாதா?" என்றார் டாக்டர்.

சடையப்பன் சிரித்தார். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

அடுத்த கூட்டத்துக்கு ரேகாதான் முதலில் வந்திருந்தாள். பொன்னம்மாள் நாற்காலியில் ஏறும் வரை பேசாமல் இருந்தவள், துப்பட்டா நுனியைப் பார்த்தபடி சொன்னாள்.

"எங்க வீட்டுக்காரரு போய்ப் பேசிட்டு வந்துட்டாரு. முன்பக்கக் கடையத்தான் தர்றேன்னு சொல்லிட்டாராம். அட்வான்சும் குடுத்துட்டாரு."

ரேகாவின் கணவன் வேல்முருகன் பாண்டிச்சேரியில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறவன். அந்தக் கம்பெனி மூடப்போகிறது என்று சில மாதங்களாகப் பேச்சு இருந்தது.

"சந்துக் கடை போதும்னு நீதானேம்மா சொன்ன?" என்றார் பொன்னம்மாள்.

"நா சொன்னேன் பெரிம்மா. அவரு கேக்கல. ஒரு பக்கம் செல்போன் ரீசார்ஜும் போட்டுக்கலாம்னு சொல்றாரு. வேலை போச்சுன்னா எங்களுக்கு வேற இன்னா இருக்குது?"

"மீதி ரெண்டு கடை?" என்று கேட்டார் டாக்டர்.

"ரெண்டையும் சேத்து உர டிப்போவுக்குப் பேசி முடிச்சிட்டாராம்."

செல்வி எழுந்து டீ கிளாஸ்களைச் சேகரித்து வாஷ் பேசினில் கழுவினாள். நோயாளிகள் வாய் கொப்பளித்துத் துப்புகிற இடம், அதில் கழுவக் கூடாது என்று டாக்டர் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அன்று சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அடுத்தடுத்த கடைகளில் இருந்துகொண்டே இருவரும் பேசவில்லை. நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். அந்தப் பக்கம் ஹேர் டிரையர் ஓடுவது செல்விக்குக் கேட்கும். தன் ஜெராக்ஸ் மிஷினின் சத்தமும் அங்கே கேட்குமே என்று நினைத்துக்கொள்வாள். ஒருநாள் பெருமுக்கலிலிருந்து வந்த ஒரு அம்மாள் மகளின் கல்யாணத்துக்கு அலங்காரம் செய்ய ஆள் தெரியுமா என்று கேட்டபோது, செல்வி விசைப்பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல், "திண்டிவனத்துல நிறைய பேர் இருக்காங்க" என்றாள். சொன்ன பிறகு அந்த அம்மாள் பஸ் நிறுத்தத்தைத் தாண்டும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிடவில்லை.

ஆடி கழிய ஒரு வாரம் இருக்கும்போது சடையப்பன் கட்டட பிளானை ஜெராக்ஸ் எடுக்க வந்தார். எடுத்து முடித்தும் போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்மா. வேல்முருகன் நல்ல பையன்தான். ஆனா பார்லருங்கறாங்க. நாலு பேரு நாலு விதமா பேசறாங்க. உர டிப்போக்காரரு வேற, பார்லரு பக்கத்துல வேணாமேங்கறாரு. நீ பக்கத்துலயே இருக்கறவ. உனக்குத் தெரியாதது இருக்காது. எப்படி, அந்தப் பொண்ணு?"

செல்வி தாள்களை ஓரம் சேர்த்துத் தட்டினாள்.

"சரிப்படாதுன்னா சொல்லிடு. அட்வான்ச திருப்பிக் குடுத்துடறேன். முன்பக்கம் உனக்குத்தான். கையெழுத்தும் நீயே போட்டுக்க, யாரும் வர வேணாம்."

பொய் சொல்லத் தேவையில்லை என்பது அவளுக்கு உடனே புரிந்தது. தெரியலண்ணே என்றால் போதும். அதுகூட வேண்டாம், கொஞ்சம் தயங்கினால் போதும். மீதியை அவரே முடித்துக்கொள்வார். முக்கு ரோட்டில், எட்டு ஊர் பஸ்ஸும் திரும்புகிற இடத்தில், ரோட்டைப் பார்த்த கடை. அவளுக்கென்று பேசி வைத்த கடையும் கூட.

அப்போது அவளுக்கு ரேகாவைப் பற்றி நினைவு வந்தது நல்லதுமில்லை, கெட்டதுமில்லை, வெறுமனே ஒரு காட்சி. சுனாமி வந்த வாரம், குப்பத்துப் பெண்களைப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள். தலையெல்லாம் சேறும் மணலும் ஏறி முடி கட்டிபோல் இறுகிப் போயிருந்தது. மொட்டை போட்டுவிடலாம் என்று யாரோ சொன்னார்கள். ரேகா கடையிலிருந்த ஷாம்பு, எண்ணெய், சீப்பு எல்லாவற்றையும் ஒரு அன்னக்கூடையில் எடுத்துக்கொண்டு போய், குழாயடியில் உட்கார்ந்து ஒவ்வொருத்தியாக மடியில் தலையைச் சாய்த்து அலசினாள். அரிசிப் பையை இறக்கப் போயிருந்த செல்வி அதைப் பார்த்தாள். பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தி அலசும்போதே தூங்கிப் போனாள். அவள் விழிக்கும் வரை ரேகா கால் மாற்றவில்லை. கடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் கழுத்தறுத்தவளும் இதே ரேகாதான். இரண்டையும் ஒன்றாகக் கூட்டிக் கழிக்கச் செல்விக்குத் தெரியவில்லை. ஆனால் சடையப்பன் கேட்டது அவள் நடத்தையைப் பற்றி மட்டும்தான்.

"பார்லருக்கு வர்றவங்க எல்லாம் நம்ம ஊரு பொம்பளைங்கதாண்ணே. உங்க மருமகப் பொண்ணுகூட வருது. ஒரு பேச்சு கிடையாது. தைரியமா குடுங்க."

சடையப்பன் அவளையே பார்த்தார். "உனக்கு வேணாமா?"

"வேணும். மாடியக் குடுங்க."

"மாடியில இன்னும் சுவரே முழுசா எழும்பலம்மா. ஜெராக்ஸ் எடுக்க எவன் படி ஏறி வருவான்?"

"நானும் டாக்டரும் சேந்து எடுத்துக்கறோம். கையெழுத்து நானே போடலாம்னு இப்ப நீங்கதானே சொன்னீங்க" என்றாள்.

"அது முன்பக்கத்துக்குச் சொன்னேன்" என்றார் சடையப்பன். பிளானைச் சுருட்டிக்கொண்டு, பார்க்கலாம் என்று எழுந்து போனார்.

நல்லது செய்த நிறைவு எதுவும் செல்விக்கு வரவில்லை. ஒரு வார்த்தையில் கைக்கு வந்த கடையை விட்டுவிட்டோமே என்ற நினைப்பிலேயே இருந்தாள். டைப் அடித்த பத்திரத்தில் கிழக்கு என்பதை மேற்கு என்று அடித்து, ஒரு பக்கம் முழுவதையும் திரும்ப அடிக்க வேண்டியதாயிற்று.

இரண்டு நாள் கழித்து ரேகா கடை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"சடையப்பண்ணன் அவரு கிட்ட சொன்னாராம்க்கா. நீங்க சொன்னதாலதான் கடையத் தர்றேன்னு."

"ம்."

"நா முன்னாடியே உங்ககிட்ட சொல்லியிருக்கணும்."

"ஆமா, சொல்லியிருக்கணும்."

ரேகா கொஞ்ச நேரம் கதவுச் சட்டத்தைப் பிடித்தபடி நின்றாள். ஒரு கஸ்டமர் வந்ததும் ரேகா ஒதுங்கி வழிவிட்டு, அப்படியே போய்விட்டாள். அன்று சாயங்காலம் பெருமுக்கல்காரம்மாள் மறுபடி வந்தபோது செல்வி எழுந்து வெளியே வந்து பக்கத்துக் கடையைக் காட்டினாள். கூடப் போகவில்லை.

சடையப்பனிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை என்றாலும், ஆவணி பிறந்த மறுநாள் டாக்டரும் செல்வியும் மாடியைப் பார்க்கப் போனார்கள். பொன்னம்மாளும் வந்தார். படி இன்னும் கட்டவில்லை. கொத்தனார்கள் ஏறிப்போகிற சாய்வுப் பலகைதான் இருந்தது. "எனக்கு இதெல்லாம் ஆவாது, நா புடிச்சிக்கறேன், நீங்க ஏறுங்க" என்று பொன்னம்மாள் பலகையின் அடியைக் காலால் அழுத்திக்கொண்டு நின்றார்.

மேலே இடுப்பு உயரச் சுவர்தான் எழும்பியிருந்தது. உப்புக் காற்று நேராக முகத்தில் அடித்தது. வீட்டுக் கூரைகளுக்கு அப்பால் உப்பளங்கள் வானம் முடியும் வரை பாத்தி பாத்தியாகக் கிடந்தன. மழைக்கு முன்னால் கீற்றுப் போட்டு மூடிய உப்புக் குவியல்கள் வரப்பு ஓரமாக வரிசையாக நின்றன. டாக்டர் புடவையைச் செருகிக்கொண்டு, நாற்காலி இங்கே, தண்ணீர்க் குழாய் அங்கே என்று காலடி வைத்து அளந்தார். செல்வி ரோட்டுப் பக்கச் சுவரிடம் போய் நின்றாள்.

சுவர் எழுப்பிக்கொண்டிருந்த மேஸ்திரி மாயவன் கேட்டார், "மிஷின் எங்கம்மா வரும்? இப்பவே சொன்னாத்தான் பிளக் பாயிண்டுக்குச் சுவத்துல காடி வெட்ட முடியும்."

அவள் காட்டினாள். மாயவன் ஒரு கரித்துண்டை எடுத்துச் செங்கலின் மேல் சின்னதாக ஒரு வட்டம் போட்டார்.

கீழே டி.வி.எஸ். வண்டி வந்து நின்றது. "யாருய்யா மேல?" என்று சடையப்பனின் குரல் கேட்டது. பொன்னம்மாள் ஏதோ பதில் சொன்னார். காற்றில் அது மேலே எட்டவில்லை. மாயவன் கையை நிறுத்திக்கொண்டு செல்வியைப் பார்த்தார்.

அவள் அவரிடமிருந்து கரித்துண்டை வாங்கினாள். கம்ப்யூட்டருக்கு இன்னொன்று வேண்டும் என்று சொல்லிக்கொண்டே குனிந்து, முதல் வட்டத்துக்கு ஒரு முழம் தள்ளி, சொரசொரத்த செங்கலில் மெதுவாகச் சுழித்தாள்.