கட்டுப் பிரிக்கும் தேதி

குழந்தைகள் ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் மாவுக்கட்டு அக்கா என்பார்கள். கை கால் ஒடிந்து ஊரைக் கூட்டிக்கொண்டு வரும் வாண்டுகளைப் பேச்சிலேயே மடக்கிவிடுவாள். வாய் பாட்டுக்குப் பேசும், கை பாட்டுக்குக் கட்டும்.

"எலும்பு மட்டும் இல்லேன்னா நீ துணி மூட்டை மாதிரி தரையில கிடப்ப. மண்டை ஓடு, மூளைக்குப் போட்ட ஹெல்மெட். விலா எலும்பு, இதயத்துக்குக் கூண்டு. எலும்புக்கும் உயிர் இருக்கு, தெரியுமா? ஒடிஞ்சா தானா ஒட்டிக்கும்."

கட்டு காய்ந்ததும் அதன்மேல் நீல மையில் பிரிக்கும் தேதியை எழுதுவாள். தேதி தெரிந்தால் பிள்ளைகள் நாளை எண்ணிக்கொண்டு சமர்த்தாக இருக்கும் என்பது அவள் கண்டுபிடிப்பு. பதினோரு வருஷமாக அது பிசகியதே இல்லை. பிசகாத பழக்கம் ஆளை யோசிக்க விடாது.

ஐந்து வாரத்துக்கு முன் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி வந்தாள். பள்ளிக்கூடப் படியில் லேசாகத் தடுக்கி விழுந்தாளாம். முழங்காலுக்குக் கீழே முறிவு. இத்தனூண்டு விழுந்ததற்கு இவ்வளவு பெரிய முறிவா என்று அக்காவுக்கு உறுத்தத்தான் செய்தது. வெளியே ஐந்து பேர் காத்திருந்தார்கள். அதே பேச்சைப் பேசி, ஆறு வாரம் தள்ளித் தேதியை எழுதி அனுப்பிவிட்டாள்.

இன்று மத்தியானம் அந்தச் சிறுமியின் அம்மா கட்டுப்போடும் அறை வாசலில் வந்து நின்றாள். வலி நிற்காமல் மறுபடி கொண்டுவந்து சோதித்ததில், எலும்பில் புற்றுநோயாம். அதனால்தான் ஒடிந்திருக்கிறது. நாளைக் காலை முழங்காலுக்கு மேலே காலை எடுக்கப் போகிறார்கள். எடுக்காவிட்டால் பிள்ளை பிழைக்காது.

"டாக்டர் எவ்வளவோ சொல்லிட்டாரு, கேக்க மாட்டேங்கிறா. அக்கா தேதி போட்டிருக்காங்க, இன்னும் ஏழு நாள்ல ஒட்டிக்கும், எதுக்கு வெட்டணும்ங்கிறா. கட்டு மாத்தணும்னு சொல்லி நீங்க ஆபரேஷன் ரூமுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க. உள்ள போனதும் மயக்க மருந்து குடுத்துருவாங்க."

"கண்ணு முழிச்சுக் காலைக் காணோம்னு அவ கேட்டா, யாருங்க பதில் சொல்றது?"

அக்கா கையில் ஒட்டியிருந்த மாவைக் கழுவிக்கொண்டாள்.

"நான் எழுதினதுதானே. நானே வந்து சொல்றேன்."

வார்டில் சிறுமி கட்டிலில் சாய்ந்திருந்தாள். அக்காவைக் கண்டதும் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைப் பார்த்து அக்காவுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

"கண்ணு, நான் தேதியைத் தப்பா எழுதிட்டேன். சும்மா ஒடிஞ்ச எலும்பு ஒட்டிக்கும். உன்னோடது சீக்கு வந்த எலும்பு. அது ஒட்டாது. விட்டு வெச்சா உடம்பு பூரா பரவிடும். அது தெரியாம எழுதினது என் தப்பு."

சிறுமி அழவில்லை. கட்டின்மேல் இருந்த தேதியைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். மை அழியவில்லை.

"எத்தனை எலும்பு போயிரும்?"

எலும்புக் கதை பேசியே காலம் தள்ளியவள் இந்தக் கணக்கை ஒருநாளும் போட்டதில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டாள். பெருவிரலில் இரண்டு, மற்ற நான்கிலும் மும்மூன்று. பாதத்தின் நடுவில் ஐந்து, பின்பக்கம் ஏழு. கட்டின்மேல் விரலை ஓட்டினாள். கீழ்க்காலில் இரண்டு, முழங்கால் சில்லு ஒன்று.

"இருபத்தொம்பது. தொடை எலும்புல கொஞ்சம் போகும், மிச்சம் உங்கிட்டயே இருக்கும்" என்றாள்.

"வலிக்குமா?"

"வலிக்கும். மருந்து குடுப்பாங்க. அப்பவும் வலிக்கும்."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிறுமி தன் கால்விரல்களை ஆட்டிப் பார்த்தாள்.

"சரி, ஆபரேஷனுக்குப் போறேன்" என்றாள். பிறகு கட்டுப் போட்ட காலை இரண்டு கையாலும் தூக்கி அக்காவின் மடியில் வைத்தாள்.

"இன்னொரு தடவ தொட்டு எண்ணுங்கக்கா. மெதுவா."