பக்கெட்டு மாமனார்

தலைமாட்டில் புகைந்துகொண்டிருந்த ஊதுவத்திக் கொத்தைப் பிடுங்கிச் சொம்புத் தண்ணீரில் முக்கினாள் தாட்சாயணி. சுர்ரென்றது. ஒப்பாரி பாடிக்கொண்டிருந்த பெண்கள் பாட்டை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னாம்மா பண்ற? பொணத்துக்கு வத்தி கொளுத்தாம உடுவாங்களா?" என்று அதட்டினார் பாலசுப்பிரமணியன். செத்துப்போன அவள் புருஷன் கோவர்த்தனனுக்கு அண்ணன்.

"பிரமிளாவ கூப்டப் போறேன் மாமா. இந்த வாசன அவளுக்கு ஆவாது."

"நல்லா கீதே கத! மாசமா கீறவ பொணத்தப் பாக்கறதா? எடுக்கறவரைக்கும் உள்ளயே இருக்கட்டும்."

தாட்சாயணி கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தாள். விடியலில் மார்வலி என்றவர், ஆட்டோ வருவதற்குள் போய்விட்டார். ஒரு மாதமாக வடமாலபேட்டையே அவரைச் சொல்லிச் சிரித்தது. மாசமான மருமகள் பிரமிளாவுக்குத் தண்ணீர்கூட வயிற்றில் தங்காமல் போனபோது, மசக்கைக்கு யாராவது ஆஸ்பத்திரிக்குப் போவார்களா என்றது ஊர். மகன் ஸ்ரீசிட்டி கம்பெனியில் ஷிப்டில் இருந்தான். "ஒண்ணுக்குகூட போவல அந்தப் பொண்ணு, இதுவா மசக்க?" என்று கத்தி, அவளைத் திருப்பதிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர் இந்த மனுஷன். டிரிப்பு ஏற்றி, ஊசி போட்டு, "இது வியாதிங்க. விட்டிருந்தா உயிருக்கே ஆபத்து" என்றார் டாக்டர். அன்றோடு வீட்டில் தாளிப்பு நின்றது. அவள் வாந்தி எடுக்கும் நீல பக்கெட்டைத் தினமும் அவரே கழுவி வைத்தார். பக்கெட்டு மாமனார் என்று முதலில் பேர் வைத்தவர் பாலசுப்பிரமணியன்தான்.

"ஆமா மாமா, பக்கெட்டு மாமனாருதான்!" தாட்சாயணியின் குரல் தெருவரை போயிற்று. "பெத்த பொண்ணுக்கு எந்த ஆம்பள இத செஞ்சான்? எம் புருஷன் செஞ்சாரு. நெலம் வாங்குனத பாடுறீங்களே, இதயும் சேத்துப் பாடுங்கடி!"

அழுகைக்கு நடுவிலும் அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்து நின்றது. அப்படிப்பட்ட ஆளோடு இத்தனை வருஷம் வாழ்ந்திருக்கிறாளே! உள்ளே போய் மருமகளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தாள்.

பிரமிளா பெட்டியின்மேல் கையை வைத்தாள். "மாமா, காலைல ரெண்டு இட்லி துன்னேன் மாமா. வயித்துல நின்னுச்சு."

அதற்குமேல் முடியவில்லை. சாமந்தி மாலையின் வாசனை தொண்டைக்கு ஏறியது. வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். தாட்சாயணி பதறித் திரும்பினாள். அதற்குள் நீல பக்கெட்டு மருமகளின் முகத்துக்கு நேரே வந்திருந்தது. பிடித்திருந்தவர் பாலசுப்பிரமணியன்.

"மெதுவா, மெதுவா" என்றார்.

அவள் வாந்தி எடுத்து முடித்ததும் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். கொஞ்ச நேரத்தில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.