வட்டி குறைந்த கணக்கு

1

இந்தக் கதை நான் ஒட்டுக்கேட்டது. மன்னாரிலிருந்து தலைமன்னார் போகும் பஸ்ஸில், முன் இருக்கைப் பெண் கட்டாரிலிருக்கும் கணவனோடு பேசிக்கொண்டு வந்தாள். மகளுக்கும் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். தாராபுரம் தாண்டுமுன்பே மகள் உறங்கிவிட்டாள். பஸ்தான் விழித்திருந்து கேட்டது.

பெயர்கள் நான் வைத்தவை: சிசிலியா, ரொபின்சன்.

2

பணத்தாசை பிடித்த ரொபின்சன்...

(வேண்டாம். ஊரார் படகில் பங்குக்கு மீன்பிடிக்கப் போய் அலுத்தவன், சொந்தப் படகும் இஞ்சினும் வாங்கத்தான் போனான். அதற்குப் பெயர் ஆசையா?)

2, மறுபடியும்

டோகாவில், ஆறு பேர் படுக்கும் அறையில், மேல்கட்டிலில் ரொபின்சன் சம்மணமிட்டிருக்கிறான். (அறையை நான் பார்த்ததில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் உண்மை.) வெளிநாட்டில் உழைப்பவர்களுக்கென்று வங்கி இரண்டு சேமிப்புக் கணக்குகளைக் காட்டுகிறது. ஒன்றில் வட்டி சொற்பம், நினைத்த நாளில் காசை எடுக்கலாம். மற்றதில் வட்டி நிறைய, ஐந்து வருடம் தொடக்கூடாது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று ரொபின்சனுக்கு விளங்கவில்லை. எனக்கும்தான்.

"அஞ்சு வருசத்துக்குப் போட்டால் புதுப் படகே எடுக்கலாம், சிசிலியா."

"நடுவில எடுத்தால்?"

"வட்டி போயிடும். ஏன் எடுக்கப்போறம்?"

"அப்ப அது முடியுமட்டும் நீங்கள் வரமாட்டியள்."

"அதுக்கும் இதுக்கும் என்ன? உமக்கு விளங்கேல்லை."

(என் முதல் பிரதியிலும் சிசிலியாவுக்கு வட்டிக் கணக்கு விளங்காதுதான். நல்லவேளை, அவள் தொடர்ந்து பேசினாள்.)

"எனக்கு உங்களைத் தெரியும். வட்டியை விட்டிட்டு வர உங்களுக்கு மனம் வராது. போங்கோ எண்டு நான்தான் அனுப்பினனான். இப்ப நானே சொல்லுறன், வட்டி குறைஞ்ச கணக்கைத் திறவுங்கோ. வரவேணும் எண்டு நினைச்ச அண்டைக்குக் காசை எடுத்துக்கொண்டு வாங்கோ. பழைய படகு காணும், அதே போதும்."

அந்த வட்டி வீதத்துக்குள் ஒரு மனிதனின் ஐந்து வருடம் கிடப்பதை அவள் கண்டுவிட்டாள். இத்தனை காலம் கதை எழுதுகிற எனக்கு அது தெரியவில்லை. மறுமுனையில் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

3

முடிவு ஒன்று: ரொபின்சன் அடுத்த தென்மேற்குச் சோளகக் காற்றுக்கு முன்னமே வந்து இறங்குகிறான். படகு பழசு. இஞ்சின் இழுத்தால்தான் உண்டு.

முடிவு இரண்டு: புதுப் படகு வருகிறது. கரையில் நிற்கும் நெட்டைப் பெண்ணை அவன் ஒரு கணம் யாரென்று பார்க்கிறான், பிறகுதான் மகள் என்று...

(என்னால் இதை எழுதி முடிக்க முடியவில்லை.)

நடந்தது இவ்வளவுதான். பேசாலையில் பஸ் நின்றது. சிசிலியா டிக்கெட் எடுத்திருந்த இடம். அவள் எழும்பவில்லை. நடத்துனர் "இறங்குங்கோ" என்று சொல்லவில்லை. கடைசியில், "சிசிலியா" என்று ரொபின்சனின் குரல் வந்தது. அவள் உடனே ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டாள்.

ஆகவே அவன் சொன்னது எனக்குத் தெரியாது. என் கதையில் பஸ் இன்னும் பேசாலையில்தான் நிற்கிறது. எந்தக் கணக்கு என்று நீங்கள் சொன்னால், நடத்துனர் மணியடிப்பார்.