நவிண்டில் அக்கா

நெல்லியடிச் சந்தைப் பக்கம் போய்ச் சீவரத்தினத்தின் பாமசி எங்கே என்று கேட்டுப் பாருங்கள். வழி சொல்லுகிறவர் வழியோடு நிறுத்தமாட்டார். அவரைப் பற்றி நாலு நல்ல கதையும் சொல்லித்தான் விடுவார். வயதுபோனவர்களைக் கதிரை போட்டு இருத்துவாராம். குளிசை கொடுக்க முன்னம் சாப்பிட்டியளோ என்று கேட்பாராம். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு மருந்து உறையில் காலைக்குச் சூரியனும் இரவுக்குப் பிறையும் கீறிக் கொடுப்பாராம். பின்னேரத்தில் தானே போன் எடுத்து, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதோ என்று விசாரிப்பாராம். எல்லாம் உண்மை, ஒரு சொல்லும் கூட்டிச் சொன்னதில்லை. நான் அவருடைய மனைவி குணலட்சுமி, எனக்குத் தெரியாதா?

ஒருநாள் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த மனுசி, நான் யாரென்று அறிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்கள் குடுத்து வைச்சனீங்கள், பிள்ளை. அந்த வாய்ச்சொல்லுக்கே பாதி வருத்தம் மாறியிடும்" என்றாள். நான் சிரித்து வைத்தேன். கடை பூட்டும்போது அந்த வாய்ச்சொல்லையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் வருகிறார் என்று பஸ்ஸில் வைத்துச் சொல்ல முடியுமா?

வீட்டில் இவர் பேசுவதை விரல்விட்டு எண்ணலாம். 'சோத்தைப் போடு.' 'உப்புக் காணாது.' 'கேற்றைப் பூட்டு.' இருபத்தொன்பது வருடமாக இவ்வளவுதான். அடித்ததில்லை, குடித்ததில்லை, வீட்டுக்கு ஒரு குறையும் வைத்ததில்லை. அதனால் யாரிடமும் போய் முறையிடவும் எனக்கு இடமில்லை. நான் நீர்வேலியில் வாழைத்தோட்டத்துக்குள் வளர்ந்தவள். தோட்டத்தின் இந்தத் தலைப்பில் நின்று அந்தத் தலைப்பில் நிற்கிற அப்பாவைச் சாப்பிடக் கூப்பிட்ட தொண்டை என்னுடையது. கலியாணம் முடிந்த கிழமையே, "மெல்லக் கதை, றோட்டாலை போற சனத்துக்குக் கேக்குது" என்றார் இவர். மெல்லக் கதைத்தேன். பிறகு குறைத்துக் கதைத்தேன். மகள் நிவேதனா கலியாணமாகிப் பிரான்சுக்குப் போனபின் கதைக்க ஆளும் இல்லை.

போன வருடம் மாசி மாதம் எனக்குக் குரல் அடைத்தது. தடிமன், சளி என்றுதான் நினைத்தேன். மூன்று கிழமையாகியும் விடவில்லை. தொண்டைக்குள் மீன் முள் நிற்பதுபோல் ஒரு நோ. மத்தியானம் சாப்பிட வந்த மனிதரிடம் சொன்னேன்.

"இஞ்சாருங்கோ, தொண்டை அடைச்சுக்கிடக்குது. விழுங்கேக்கை நோகுது."

இவர் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கொத்தமல்லி அவிச்சுக் குடி" என்றார்.

அடுத்த கிழமை இன்னொருமுறை சொன்னேன். "விடியத் துவங்கி வருத்தக்காரரோடை மாரடிச்சுப்போட்டு வாறன். இஞ்சையும் வருத்தக் கதைதானோ?" என்று கேட்டுவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். எனக்கு வந்த கோபத்துக்குக் குழம்புச் சட்டியை எடுத்து அவர் தலையில் கவிழ்த்திருக்கவேண்டும். கழுவித்தான் வைத்தேன்.

அந்தக் கோபம் ஆறமுன்னம் இவருடைய சேட்டைத் தோய்க்க எடுத்தபோது, பொக்கற்றுக்குள் ஒரு மருந்து உறை இருந்தது. அடியில் கடையின் போன் நம்பர். 'சந்தேகம் இருந்தால் எந்த நேரமும் எடுங்கோ' என்று அச்சடித்திருந்தது. எந்த நேரமும் என்றால் இப்பவே எடுப்போமே என்று நினைத்தேன். நிவேதனா விட்டுப்போன பழைய போன் ஒன்று அலுமாரிக்குள் கிடந்தது. அதன் நம்பர் இவருக்குத் தெரியாது. எடுத்து, 'கொத்தமல்லிக்காரரின்ரை மனுசி கதைக்கிறன்' என்று சொல்லி அவரை வெட்கப்பட வைப்பதுதான் என் எண்ணம். வேறொன்றுமில்லை.

"வணக்கம், சொல்லுங்கோ" என்றது அங்கே ஒரு குரல். அவ்வளவு ஆறுதலான குரல். பிழையான நம்பரை அமத்திவிட்டேனோ என்று உறையைத் திரும்பவும் பார்த்தேன்.

"கலோ" என்று மட்டும்தான் சொன்னேன்.

"ஐயோ, குரலே இல்லையே அக்கா. ஒரு மிடறு தண்ணி குடிச்சிட்டு ஆறுதலாச் சொல்லுங்கோ. நான் வைச்சிருக்கிறன்."

ஒரு சொல்லிலேயே கண்டுபிடித்துவிட்டார். அதே தொண்டையோடு ஒரு மாதமாக அவருக்குப் பக்கத்தில் நின்று சோறு போட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சொல்ல நினைத்த நக்கல் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. எனக்குள்ள வருத்தத்தை ஒன்றும் விடாமல் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். எந்த ஊர் என்று கேட்டபோது, வாயில் வந்தது நவிண்டில். அதையே சொல்லிவிட்டேன்.

"அக்கா, பயப்பிடுத்தச் சொல்லேல்லை. மூண்டு கிழமைக்கு மேலை குரல் அடைச்சிருந்தால் வைச்சுக்கொண்டிருக்கக் கூடாது. நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போய்க் காது மூக்குத் தொண்டை டொக்டரிட்டைக் காட்டுங்கோ. வீட்டிலை ஆர் இருக்கினம்?"

"இவர் இருக்கிறார்."

"அவருக்குச் சொன்னனீங்களோ?"

"ஓம். கொத்தமல்லி அவிச்சுக் குடியெண்டவர்."

பிடிபட்டுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். பிறகு மெல்லச் சொன்னார்: "நான் சொல்லக்கூடாது அக்கா. ஆனால் உவையெல்லாம் மனுசரோ? துணைக்கு ஆள் இல்லையெண்டால் சொல்லுங்கோ. கடையைப் பூட்டிப்போட்டு நானே கூட்டிக்கொண்டு போறன்."

மத்தியானம் சாப்பிட வந்தார். வழமைக்கு மாறாகத் தானே வாய் திறந்தார். "நவிண்டிலிலை ஒரு அக்கா, பாவம், தொண்டை வருத்தம். புருசன்காரன் திரும்பியும் பாக்கிறானில்லை. ஒரு மாட்டோடை சீவிக்குது மனுசி" என்றார்.

"ஓமோ" என்றேன், அதே அடைத்த குரலில்.

"குழம்புக்கு உப்புக் காணாது" என்றார்.

அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் சொல்லுவீர்கள். நானும் ஆயிரம் தரம் யோசித்துவிட்டேன். ஆனால் கட்டின மனிதன் என்னை அக்கா என்று கூப்பிட்டதை நான் மறுக்காமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அக்கா என்றால் கூடப்பிறந்தவள் முறை. அந்த வாயிடம் போய், அந்த அக்கா நான்தான், உங்கள் பெண்சாதி என்று எந்த முகத்தோடு சொல்லுவது? நினைக்கவே உடம்பு கூசியது. முதல் நாள் அவர் அப்படிக் கூப்பிட்டவுடனே சொல்லியிருந்தால் பகிடியாகப் போயிருக்கும். பிறகு ஒவ்வொரு தடவைக்கும் கூச்சம் ஏறிக்கொண்டே போனது.

ஆம், பிறகும் எடுத்தேன். ஒவ்வொரு வெள்ளியும், காலமை பத்து மணிக்கு; கதைத்து முடிந்ததும் போனை நிறுத்தி அலுமாரிக்குள் ஒளித்துவிடுவேன். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. போய்விட்டால் எடுப்பதற்கு என்ன காரணம் இருக்கிறது? "போனனீங்களோ அக்கா?" என்று அவர் கேட்க, "தேதி தந்திருக்கினம் தம்பி" என்று பொய் சொன்னேன். தம்பி என்று சொல்லும்போது நாக்குச் சுட்டது. அவர் நித்திரை வருகுதோ என்று கேட்டார், கஞ்சி குடிக்கச் சொன்னார். சின்ன வயதில் வாழைத்தோட்டத்தில் கூப்பிட்டுத் திரிந்ததைச் சொன்னபோது, "அந்தக் குரலை ஒருக்கால் கேட்டிருக்கவேணும்" என்றார். இன்னொரு நாள் பயமாகக் கிடக்கிறது என்றேன். "பயப்பிடாதேங்கோ அக்கா, நான் இருக்கிறன்" என்றார். என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அந்த ஒரு சொல்லுக்காக உயிரையே கொடுக்கலாம் போலிருந்தது, கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஒரேயொருநாள் வீட்டில் கேட்டுப் பார்த்தேன். "கடையிலை கதைக்கிற மாதிரி இஞ்சையும் ஒருக்கால் கதைச்சால் என்ன?"

இவர் கோபிக்கவில்லை. கேள்வி விளங்காதவர்போல என்னைப் பார்த்தார். "அங்கை வாறது பிறத்தியார். பார்த்துத்தானே கதைக்கவேணும். வீட்டு ஆக்களோடை என்ன உபசாரம்?" என்றார். உண்மையாகவே அப்படித்தான் நம்புகிறார். வீடு என்பது அவருக்குச் சேட்டைக் கழற்றிக் கொடியில் போடுகிற இடம். அந்தச் சேட்டோடு தன் நல்ல குணத்தையும் கழற்றுகிறோம் என்று அந்த மனிதருக்குத் தெரியாது.

பதினொரு தடவை கதைத்தேன். பன்னிரண்டாவதற்கு முதல் நாள், ஆனி மாதத்தில், கிணற்றடியில் மூச்சு எடுக்க முடியாமல் விழுந்துவிட்டேன். பக்கத்து வீட்டு உதயகலாதான் கண்டு ஓட்டோ பிடித்து ஏற்றினாள். பெரியாஸ்பத்திரியில் கழுத்தில் துளை போட்டு மூச்சு விட வைத்தார்கள். பிறகு சோதனை எல்லாம் செய்து முடித்த டொக்டர் இவரைக் கூப்பிட்டு, என் கட்டிலடியில் வைத்தே சொன்னார். "மூண்டு மாசம் முந்திக் கொண்டுவந்திருந்தால் கதிர் சிகிச்சையோடை குரலைக் காப்பாத்தியிருக்கலாம். இனி குரல்வளையை எடுக்கத்தான் வேணும். அதுக்குப் பிறகும் உறுதியாச் சொல்லேலாது."

இவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் கலங்கித்தான் இருந்தது. "நான் மருந்துக்கடை வைச்சிருக்கிறவன். ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டார். என்னால் கதைக்க முடியாது, எழுதக் கையில் பென்சிலும் இல்லை. இருந்திருந்தாலும் என்னத்தை எழுதுவது?

குரலை எடுத்துவிட்டார்கள். நிவேதனா வந்து ஒரு மாதம் நின்றாள். எழுதிக் காட்ட ஒரு கொப்பி வாங்கித் தந்துவிட்டு, அழுதுகொண்டு திரும்பிப் போனாள். இவர் தினமும் விடிய என் கழுத்துக் குழாயைக் கழற்றிக் கழுவி, மருந்து போட்டுவிடுவார். கை நடுங்காது, நோகாது. அதில் ஒரு குறை சொல்லமாட்டேன். வாய் மட்டும் திறக்காது. நான் கதைக்காத வீட்டில் தான் கதைப்பது முறையில்லை என்று நினைத்தாரோ என்னவோ. ஐப்பசியில் கிளினிக்குக்குப் போனபோது கழுத்தில் இன்னொரு கட்டி இருப்பதாகச் சொன்னார்கள். இனி வெட்ட முடியாதாம்.

அதற்கு நாலாம் நாள், மத்தியானச் சாப்பாட்டில் இவர் கை சோற்றுக் கோப்பைக்குள் நின்றுவிட்டது. "அந்த நவிண்டில் அக்கா" என்றார்.

"ஆனிக்குப் பிறகு எடுக்கேல்லை. நான் எத்தினை தரம் எடுத்துப் பார்த்திட்டன், போன் வேலை செய்யேல்லை. போயிட்டா போலை கிடக்கு. உன்ரை வருத்தந்தான் அவவுக்கும். காட்டச் சொல்லி நான் தலைதலையா அடிச்சனான். அந்த மனுசன் கூட்டிக்கொண்டு போயிருக்கமாட்டான்." புறங்கையால் கண்ணைத் துடைத்தார்.

தெரிந்துகொண்டுதான் சொல்லுகிறாரோ என்று முகத்தை உற்றுப் பார்த்தேன். இல்லை. உண்மையாகவே, முன்பின் பார்த்திராத ஒரு பொம்பிளைக்காக அந்த மனிதர் அழுதுகொண்டிருந்தார். எனக்குப் பொறாமையாக இருந்தது. என்மேலேயே எனக்குப் பொறாமை.

"அவவுக்காண்டி சந்நிதி முருகன் கோயிலிலை ஒரு அன்னதானம் குடுப்பம் எண்டு யோசிக்கிறன். பேர் எழுதக் கேப்பினம். நான் மடையன், அவவின்ரை பேரைக் கேக்காமல் விட்டிட்டன். ஆற்றை பேரிலை குடுக்கிறது? நீ என்ன சொல்லுறாய்?"

இருபத்தொன்பது வருடத்தில் இவர் என்னிடம் அபிப்பிராயம் கேட்டது அன்றைக்குத்தான். கொப்பியை இழுத்தேன். அந்த அக்கா நான்தான் என்று எழுதத் தொடங்கினேன். கை ஓடவில்லை. இருக்கிற கொஞ்ச நாளும் அவர் அதைச் சுமந்துகொண்டு என் முகத்தைப் பார்க்கவேண்டும். எழுதியதை வெட்டிவிட்டு, கீழே வேறு எழுதி அவர் பக்கம் திருப்பினேன்.

'என்ரை பேரிலை குடுங்கோ.'

இவர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். வெட்டிய வரியின்மேல் அவர் கண் போகவில்லை.

"உன்ரை பேரிலை என்னத்துக்கு? நீ வீட்டு ஆளெல்லோ" என்று சொல்லிவிட்டு, கோப்பையை எடுத்துக்கொண்டு கை கழுவ எழும்பினார்.